ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளின் குதிகால் வலி: வகுப்பை நிறுத்தாமல் சமாளிப்பது எப்படி?

வகுப்பு முடிந்ததும் மகள் நுனிக்காலில் நடந்து வருகிறாளா? படி இறங்கும்போது குதிகாலை ஊன்றத் தயங்குகிறாளா? எங்கும் விழவில்லை, வீக்கமும் இல்லை, ஆனாலும் "குதிகால் வலிக்குதும்மா" என்கிறாளா? வயது 8 முதல் 14க்குள் என்றால், பெரும்பாலும் இது வளர்ச்சியோடு வரும் வலிதான். பையன்களுக்கு ஓரிரு வருடம் தாமதமாக வரும். மருத்துவர் சீட்டில் 'சீவர்ஸ் டிசீஸ்' என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். சீவர் என்பவர் 1912இல் இதை விவரித்த அமெரிக்க எலும்பு மருத்துவர்.

குதிகால் எலும்பின் பின்புறத்தில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. மேலிருந்து கெண்டைக்கால் தசை அதை இழுக்கிறது, கீழிருந்து உள்ளங்கால் தசைநார் இழுக்கிறது. பிள்ளை மளமளவென்று வளரும் மாதங்களில் எலும்பு நீண்டுவிடும். தசை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெறுங்காலோடு ஓடி, குதித்து, உடல் எடையின் பல மடங்கு விசையோடு தரையில் இறங்கினால் தட்டு புண்பட்டுப்போகிறது.

வளர்ச்சியை நாம் நிறுத்த முடியாது. இறுக்கம் தளரப் பல வாரம் ஆகும். நாளைக்கே மாற்ற முடிந்தது ஒன்றுதான்: கால் எத்தனை முறை தரையில் அடிபடுகிறது என்பது. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

படி 1: அழுத்திப் பாருங்கள்

பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குதிகாலின் பின்பகுதியை இரண்டு பக்கமும் உள்ளங்கைகளால் பிடித்து மெல்ல அழுத்துங்கள். வலிக்கிறதா என்று கேட்பதைவிட முகத்தைப் பார்ப்பது நல்லது. போட்டி நெருங்குகிறது என்றால் "வலிக்கலையே" என்றுதான் சொல்வார்கள். கால் மட்டும் தானாகப் பின்னால் இழுத்துக்கொள்ளும். இரண்டு குதிகாலையும் பாருங்கள், பல பிள்ளைகளுக்கு இரண்டிலுமே இருக்கும்.

படி 2: இது வேறு ஏதாவதா?

இந்த வலி ஓட்டத்திலும் குதிப்பதிலும் கூடும், ஓய்வில் அடங்கும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காய்ச்சல், சிவந்து சூடாக வீங்குதல், காலை ஊன்றவே முடியாமை, தவறி விழுந்ததும் சட்டென்று தொடங்கிய வலி, காலையில் வெகுநேரம் விலகாத மூட்டு இறுக்கம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள். எலும்பு விரிசல், கிருமித் தொற்று, மூட்டு வாதம் போன்றவை இதே இடத்தில் வலிக்கலாம். சாதாரண சீவர் வலிக்கு எக்ஸ்ரே கட்டாயமில்லை. வலியே இல்லாத பிள்ளைக்கும் இந்த வயதில் தட்டு துண்டு துண்டாகத் தெரிவதுண்டு. அந்தப் படத்தைப் பார்த்து எலும்பு உடைந்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள்.

படி 3: இறக்கங்களை எண்ணுங்கள்

ஒருநாள் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். கடைசியாக அசையாமல் நின்று ஸ்டிக் பண்ணும் இறக்கத்தை மட்டும் எண்ணினால் போதாது. ஃப்ளோரில் ஒரு ரவுண்ட்-ஆஃப், இரண்டு பேக் ஹேண்ட்ஸ்பிரிங், ஒரு பேக் டக் என்று ஒரு டம்ப்ளிங் (கரணம்) வரிசை போனால், இரு கால்களும் 4 முறை தரையை அடிக்கின்றன. அதையே 10 முறை செய்தால் 40. வால்ட்டில் (ஓடிவந்து மேசைமேல் கையூன்றித் தாவுவது) 25 மீட்டர் வரை ஓட்டம், ஸ்பிரிங்போர்டில் ஓங்கி ஒரு மிதி, அப்புறம் இறக்கம். பீமில் (குறுகலான நீளக் கட்டை) ஒவ்வொரு தாவலும் கணக்கில் சேரும். வார்ம்-அப்பில் போடும் ஜம்பிங் ஜாக்கையும் தவளைத் தாவலையும் பொதுவாக யாரும் எண்ணுவதே இல்லை. மொத்தத்தைப் பார்த்தால் உங்களுக்கே திக்கென்றிருக்கும்.

அந்த நோட்டோடு கோச்சிடம் போங்கள். "கொஞ்சம் ரெஸ்ட் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னால் காரியம் நடக்காது. அவர் ஒன்றைக் குறைப்பார், இன்னொன்று கூடிவிடும். குறிப்பாகக் கேளுங்கள்: "சார், ரெண்டு வாரம் வால்ட்டும் டம்ப்ளிங்கும் வேண்டாம். கம்பியில பார்ஸ் பண்ணட்டும், ஆனா டிஸ்மவுண்ட்னு குதிச்சு இறங்காம மெதுவா இறங்கட்டும். வார்ம்-அப்ல குதிக்கிறதுக்குப் பதிலா சைக்கிள் மிதிக்கட்டும்." ஹேண்ட்ஸ்டாண்ட், பிரஸ் (கையூன்றி உடலை மெல்ல உயர்த்துவது), வயிற்றுத் தசைப் பயிற்சி, ஸ்பிளிட்ஸ், தாழ்வான பீமில் தாவாமல் செய்யும் நடைகள் என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. மெத்தென்றுதானே இருக்கிறது என்று டிராம்போலினுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு குதிப்பிலும் கெண்டைக்கால் தசை அந்தத் தட்டை இழுக்கும்.

முழுசாக நிறுத்த வேண்டுமா? நொண்டி நடக்கிறாள் என்றால், ஆமாம், நொண்டல் போகும்வரை காலில் இறங்கும் எதுவும் கூடாது. மற்றபடி 10க்கு 2 என்ற அளவில் லேசான வலியோடு செய்யலாம். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். முந்தைய நாளைவிட மோசம் என்றால் நேற்றுச் செய்தது அதிகம்.

பிள்ளையை ஒரேயடியாக வீட்டில் உட்காரவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தோழிகளெல்லாம் ஜிம்மில் இருக்க, இவள் மட்டும் வீட்டில் இருந்தால் அடுத்த முறை வலியை மறைக்கத்தான் கற்றுக்கொள்வாள்.

படி 4: மீதி நேரத்தில் காலுக்கு என்ன?

நம் வீடுகளில் டைல்ஸ், கிரானைட் தரையில் நாள்முழுக்க வெறுங்கால்தான். வீட்டுக்குள் போடவென்று மெத்தையான செருப்பு ஒரு ஜோடி தனியாக வாங்குங்கள்; பாட்டி முகம் சுளித்தால் மருத்துவர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். தேய்ந்துபோன கறுப்பு ஸ்கூல் ஷூவுக்குள் ஜெல் ஹீல் கப் வையுங்கள். குதிகால் சற்று உயர்ந்தால் தசையின் இழுப்பு குறையும். ஒரு காலில்தான் வலி என்றாலும் இரண்டு ஷூவிலும் வைக்க வேண்டும். ஜிம்மில் ஷூ போட முடியாது. அதற்கு, அடியில் ஜெல் வைத்த கணுக்கால் உறை கிடைக்கிறது, வெறுங்காலில் மாட்டிக்கொள்ளலாம்.

படி 5: ஐஸ், மாத்திரை, பாட்டி வைத்தியம்

வகுப்பு முடிந்தபின் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். வலி அதிகமுள்ள நாளில் மருத்துவர் எடைக்கேற்பச் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். வகுப்புக்கு முன்னால் கொடுத்து வலியை மழுங்கடித்து அனுப்புவது கூடவே கூடாது. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். இந்த வலிக்கு ஸ்டீராய்டு ஊசியும் போடுவதில்லை.

சூடான செங்கல்லில் எருக்க இலை வைத்து ஒத்தடம் கொடுப்பது பெரியவர்களின் குதிகால் வலிக்கு நம் ஊரில் வழக்கம். பிள்ளைக்கு வேண்டாம், தோல் வெந்துவிடும், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சுளுக்கு வழிக்கிறேன் என்று எண்ணெய் தேய்த்து அழுத்துவதும், ஏற்கெனவே புண்பட்ட இடத்தை இன்னும் நோகடிக்கும். சத்துக் குறைவால் வரும் வலியும் இல்லை இது, கால்சியம் மாத்திரையால் போகாது.

படி 6: கெண்டைக்காலைத் தளர்த்துங்கள்

சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய முன்னால் சாயச் சொல்லுங்கள். முழங்கால் நேராக 30 வினாடி, 3 முறை. அதே நிலையில் முழங்காலைச் சற்று மடக்கி இன்னும் 3 முறை. இது உள்ளே இருக்கும் தசைக்கு. தினமும் ஒருமுறை, உடம்பு சூடான பிறகு. இழுப்பு கெண்டைக்காலில் தெரிய வேண்டும், குதிகாலில் வலித்தால் சாய்வைக் குறையுங்கள். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலைத் தொங்கவிடும் பயிற்சி ஆரம்ப வாரங்களில் வேண்டாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் எதையும் எல்லைவரை வளைத்துவிடுவார்கள், அதனால் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: திரும்பப் போவது

அழுத்தினால் வலி இல்லை, நடையில் வலி இல்லை, ஒற்றைக்காலில் 10 முறை நொண்டியடித்தாலும் வலி இல்லை. இந்த மூன்றும் சரியென்றால் தொடங்கலாம். முதலில் கெட்டியான மெத்தைமேல் சின்னக் குதிப்புகள். அப்புறம் ஃப்ளோரில் நோட்டில் இருந்த எண்ணிக்கையில் பாதி, ஒருநாள் விட்டு ஒருநாள். வாரம் ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். வால்ட்டும் உயரத்திலிருந்து இறங்கும் டிஸ்மவுண்ட்டும் கடைசியில்தான். சிலருக்குச் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும்.

அடுத்த வளர்ச்சி வேகத்தில் மறுபடி வரவும் கூடும். மாதம் ஒருமுறை கதவோரம் நிறுத்தி உயரத்துக்குப் பென்சில் கோடு போடுங்கள். கோடு திடீரென்று தாவினால், வலி வரும்வரை காத்திராமல் இறக்கங்களைக் குறைத்துக்கொள்ளலாம். பொதுவாக 15 வயதையொட்டி அந்தத் தட்டு எலும்போடு ஒன்றாக இணைந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே. அதற்குப் பிறகும் குதிகால் வலித்தால் அது வேறு சங்கதி, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.