நத்தார் சீட்டுப் பரிசு: பெட்டிக்குள் ஒருமுறை பாருங்கள்

மட்டக்களப்பில் மார்கழி என்றால் மழை. கந்தோரில் என்றால் சீட்டெடுத்துப் பரிசு மாற்றுவது. போன நத்தாருக்கு எனக்கு வந்தது சுவர் மணிக்கூடு. பெட்டிக்குள் ஒரு துண்டும் இருந்தது: "புதுமனை புகுவிழா வாழ்த்துகள்." என்னைவிடக் கொடுத்தவரின் முகம்தான் கூடுதலாக வாடியது, பாவம்.

வந்த பரிசைக் கைமாற்றுவது குற்றமில்லை, நானும் செய்கிறவன்தான். ஆனால் பெட்டியைத் திறந்து வாழ்த்து மட்டை, பெயர் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். பிஸ்கட், சொக்லேட் என்றால் காலாவதித் திகதியையும் பாருங்கள். யார் தந்தது என்று பெட்டியின் அடியில் ஒரு துண்டு ஒட்டி வைத்தால், தந்தவருக்கே திரும்பிப் போகாது. கொடுக்கும்போது அதைக் கிழித்துவிட மறக்க வேண்டாம்!

சீட்டு எழுதும்போதே பெயருக்குக் கீழே வேண்டிய பொருள் இரண்டை எழுதச் சொல்லுங்கள். விலைக்கு மேல் எல்லை மட்டும் வைத்தால் போதாது. ஒருவர் 2,000 ரூபாய்க்கு வாங்க, மற்றவர் 200 ரூபாயோடு முடித்துவிடுவார். கீழ் எல்லையும் வேண்டும்.

சரி, ஒன்றுமே எழுதாதவருக்கு? நல்ல குடை, இல்லாவிட்டால் மருதமுனைக் கைத்தறிச் சாரம். உடுப்பு வாங்கினால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள், மாற்றப் போனால் கடையில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.