நைனா பிபி ஒன்பது நாளா எறங்காததுக்கு காரணம் மெஷினோட கைல சுத்துற பட்டை

சத்துவாச்சாரி கிளினிக்ல பாத்தா 128/82, வீட்டுக்கு வந்து நம்ம டிஜிட்டல் மெஷின்ல பாத்தா 152/94, தினமும் இதே கதை. நைனா "நான் நல்லாத்தான் கீறேன்டா"ன்னு சொல்றாரு, எனக்குத்தான் தூக்கம் போச்சு. ஏன்னா கிளினிக்ல நார்மலா வந்து வீட்ல மட்டும் ஏறுற பிபியும் நெஜமாவே உண்டு, அதுவும் இதயத்துக்கு ஆபத்துதான்.

மொதல்ல பேட்டரி மாத்துனேன், ஒண்ணும் ஆகல. ஊறுகா, கருவாடு, அப்பளம் எல்லாம் நிறுத்துனோம், காலைல கோட்டை பக்கம் வாக்கிங், அதுவும் நல்லதுதான் ஆனா நம்பர் அசையல. காபி குடிச்சு அரை மணி நேரம் விட்டு, சாஞ்சு உக்காந்து, கைய நெஞ்சு மட்டத்துல டேபிள் மேல வச்சு, பேசாம 5 நிமிஷம் கழிச்சு எடுத்தா 4, 5 கொறஞ்சுது, அவ்ளோதான்.

அப்புறம் பட்டைய கழட்டி வைக்கும்போதுதான் ஓரத்துல பொடி எழுத்துல 22–32 செ.மீ.ன்னு பிரிண்ட் ஆகியிருக்கறத பாத்தேன். அது கை சுத்தளவு. தையல் டேப்ப எடுத்து தோளுக்கும் முழங்கைக்கும் நடுவுல சுத்தி அளந்தா நைனா கை 35 செ.மீ.! சின்ன பட்டைய இறுக்கி கட்டுனா பிபி ஜாஸ்தியாத்தான் காட்டுமாம். அதே கம்பெனியோட 32–42 பெரிய பட்டை வாங்கி மாட்டுனேன், 130/82.

காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு ஒரு வாரம் நோட்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுனோம், மாத்திரை டோஸ் ஏத்த வேணாம், உப்பும் வாக்கிங்கும் அப்படியே இருக்கட்டும்னுட்டாரு. அப்பாடான்னு இருந்துச்சு. மெஷின் வாங்குறவங்க கைய அளந்துட்டு கடைக்கு போங்க.