மலேசியத் தோட்டப்புறப் பட்டணத்து பீட்சா கடையில் குடும்பத்தோடு சாப்பிட

மெனுவைத் திறந்ததும் விலைக்கு முன்னால் இறைச்சியைப் பாருங்கள். ஹலால் சான்றிதழ் மாட்டியிருந்தால் பன்றி இல்லை, சாஸில் ஒயின் இல்லை. ஆனால் மாடு இருக்கும். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பொலொனீஸ் சாஸ் பெரும்பாலும் கொத்திய மாட்டிறைச்சி. பெப்பரோனி, பேக்கன் என்று போட்டிருப்பது மாடா, கோழியா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. ஆர்டர் எடுப்பவரிடம் “இனி லெம்பு கெ ஆயாம்?” (இது மாடா, கோழியா?) என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிடுங்கள். தட்டு வந்தபின் கேட்டால் பாட்டி அன்று பட்டினிதான்.

வெள்ளிக்கிழமை சைவம் என்றால் மார்கரீட்டா பீட்சா நல்லது. தக்காளி, மொஸரெல்லா, பேசில் இலை, அவ்வளவுதான். அலியோ ஒலியோ பாஸ்தாவும் அடிப்படையில் பூண்டு, ஆலிவ் எண்ணெய், மிளகாய் மட்டுமே. ஆனால் நம் நாட்டில் அதில் இறால் சேர்ப்பது வழக்கம், “ஊடாங் வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். காளான் சூப்பில் கோழி ஸ்டாக் இருக்கலாம். சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி இனத்து மீன் சேரும். கட்டுப்பாடாகச் சைவம் இருப்பவர்கள் மேலே தூவும் பார்மசான் சீஸையும் தவிர்க்கலாம்: இத்தாலியில் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள்.

அளவில் ஒரு கணக்கு. 12 அங்குல பீட்சா, 9 அங்குலத்தைவிடக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு பெரியது. சின்னது 20 வெள்ளி என்றால், பெரியது 36 வெள்ளிக்குள் இருந்தால்தான் லாபம். மேலே போடுவது மூன்று வகைக்கு மிஞ்ச வேண்டாம். அன்னாசி, காளான், தக்காளித் துண்டு மூன்றுமே தண்ணீர் விடும். நடுப்பகுதி வேகாமல் தொளதொளவென்று மடங்கிப்போகும்.

பாஸ்தா வந்தால் உடனே சாப்பிடுங்கள், பீட்சா கொஞ்சம் காத்திருக்கும். ஐந்து நிமிடம் விட்டாலே பாஸ்தா சாஸை உறிஞ்சி ஊறிவிடும். கிரீம் ஊற்றிய கார்பொனாரா இன்னும் மோசம், கட்டியாகிவிடும். ரோமாபுரிக் கார்பொனாராவில் கிரீமே கிடையாது. முட்டை, பெக்கொரீனோ சீஸ், மிளகு, பன்றிக் கன்னத்து இறைச்சி என்பதால் இங்கே செய்முறை மாறிவிட்டது.

பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் கடை வைப்பது. 6 விழுக்காடு சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் உணவகங்கள்தான் அந்த வரிக்குப் பதிய வேண்டும். சின்னக் கடை பில்லில் 6 விழுக்காடு இருந்தால் பதிவு எண் அச்சாகியிருக்கிறதா பாருங்கள்.

மிச்சத்தைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புவதானால் பெட்டி மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள். ஆவி உள்ளேயே நின்றால் அடிமாவு நனைந்துவிடும். பாஸ்தாவுக்குச் சாஸைத் தனியாகக் கேளுங்கள். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், மாவு ரப்பராகும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், மூடி போட்டு 4 நிமிடம். அடி மொறுமொறுப்பாகி மேலே சீஸ் இளகியதும் எடுத்துவிடுங்கள்.