சூப்பர் 8 கேமராவில் முதல் காட்ரிட்ஜ்

கோடாக் 1965-இல் அறிமுகப்படுத்திய சூப்பர் 8 என்ற 8 மி.மீ. பிலிம் முறையில் படமெடுக்கப் பழக விரும்புவோர், பிலிம் வாங்குவதற்கு முன்பே கேமராவைச் சோதித்துவிட வேண்டும். பேட்டரியைப் போட்டு, கதவைத் திறந்து வைத்தபடி விசையை அழுத்தினால் மோட்டார் சீராக ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். அப்படியே, லென்ஸுக்குப் பின்னால் பிலிமில் ஒளி விழும் சட்டமான பிலிம் கேட்டையும் மெல்லிய தூரிகையால் துடைத்துவிடுங்கள். அங்கே ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் காட்சி முழுவதும் திரையோரத்தில் அது துடித்துக்கொண்டே இருக்கும்.

பிலிமை அடக்கிய பெட்டியான காட்ரிட்ஜ் ஒன்றில் இருப்பது 50 அடி பிலிம். வினாடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 வினாடியும், 24 பிரேம் வீதம் ஓட்டினால் இரண்டரை நிமிடமும் கிடைக்கும். பாதியில் கதவைத் திறந்தால் சில பிரேம்கள் மட்டுமே வீணாகும். ஆனால் அடி காட்டும் எண்ணி சுழியத்துக்குத் திரும்பிவிடுமாதலால், அதுவரை ஓடிய அடியைக் குறித்துக்கொண்ட பிறகே திறக்க வேண்டும்.

பழகுபவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டியது ஒளியளவில்தான். வெயிலுக்கு 50D, வீட்டுக்குள் விளக்கொளிக்கு 500T என்று பொதுவாகச் சொல்லலாம்; எண் பிலிமின் வேகத்தை, அதாவது ஒளியுணர்திறனை, குறிக்கும்; D பகலொளிக்கும் T விளக்கொளிக்கும் உரியது. விளக்கொளிக்கான பிலிமைப் பகலில் பயன்படுத்தும்போது, பெரும்பாலான கேமராக்களுக்குள்ளேயே இருக்கும் ஆரஞ்சு நிற 85 பில்ட்டர் தேவைப்படும்; அது ஒளியைக் குறைப்பதால் 200 வேகப் பிலிமை 125 என்று கணக்கிட வேண்டும். நிறமும் ஒளியும் தலைகீழாகப் பதியும் நெகட்டிவ் பிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்ளும், குறைவான ஒளியைத் தாங்காது. நேரடியாகத் திரையிடக்கூடிய ரிவர்சல் பிலிமோ இரண்டையுமே பொறுக்காது என்பதால் முதல் முயற்சிக்கு நெகட்டிவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு ஒருவர் நின்றால், தானியங்கி ஒளிமீட்டர் வானத்தைப் பார்த்து லென்ஸின் துளையைச் சுருக்கிவிடும்; முகம் கருத்துப்போகும். அப்போது அவர் முகத்தருகே சென்று அளந்து, அந்த அளவைக் கையால் நிலைநிறுத்திவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிப் படமெடுக்க வேண்டும். முக்காலியில் வைத்துவிட்டு விலகி நிற்பதானால் கண்வில்லையை மூடிவிடுங்கள். பல கேமராக்களில் அதன் வழியே புகும் ஒளி மீட்டரை ஏமாற்றும்.

ஃபோகஸ் செய்யுமுன் கண்வில்லையை உங்கள் பார்வைக்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். பிறகு ஜூமை முழுவதும் நெருக்கி, ஆளின் கண்ணில் ஃபோகஸை நிறுத்தி, அதன்பின் வேண்டிய அகலத்துக்கு ஜூமை விரியுங்கள்.

எடுத்து முடித்த காட்ரிட்ஜைத் தாமதிக்காமல் லேபுக்கு அனுப்புவதே நல்லது. விமானத்தில் கொண்டுபோனால், ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கும்படி கேளுங்கள். 500T போன்ற வேகமான பிலிமைத்தான் எக்ஸ்ரே முதலில் பாதிக்கும்.