முதல் நாள் வகுப்பை உற்றுநோக்கப் போகிறீர்களா?

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. முதல் நாள் கடைசி வரிசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். அங்கிருந்து பிடரிதான் தெரியும். பக்கவாட்டில், பிள்ளைகளோடு பாயிலேயே உட்காருங்கள். எல்லாவற்றையும் எழுத முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. கீழ் வகுப்புகளில், 2022-இல் வந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள். தொடக்க நிலையான அரும்பில் ஒரே ஒரு பிள்ளையைப் பத்து நிமிடம் பாருங்கள். நான் பார்த்த பையன் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதினான். ‘ழ’ வந்ததும் மட்டும் தன் சிலேட்டைக் கையால் மறைத்துக்கொண்டான். நோட்டில் ஏற வேண்டியது இதுதான். ‘வகுப்பு நன்றாக இருந்தது’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்புறம், ‘மிஸ், இது சரியா?’ என்று சிலேட்டை நீட்டுவார்கள். நீங்கள் திருத்தாதீர்கள், வகுப்பாசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள்.