பன்னிரண்டு பேராக ஒரு வீட்டுக்குள் போகாதீர்கள்

நோய் ஆதரவு சிகிச்சை, அதாவது தீராத நோயில் இருப்பவரின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு, கற்றுக்கொடுக்க மாணவர்களை ஊருக்குள் அழைத்துப் போகும் நர்சிங், சமூகப்பணி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு நான் செய்தது. சோமனூர் பக்கம் ஒரு தறிக்காரர் வீடு. படுத்த படுக்கையாக இருந்த ஆத்தாவைப் பார்க்கப் பன்னிரண்டு மாணவர்களோடு போய் நின்றேன். மருமகள் தறியை நிறுத்திவிட்டு வந்து அத்தனை பேருக்கும் காபி கலக்கத் தொடங்கிவிட்டார். பால் பத்தாமல் பக்கத்து வீட்டுக்கு ஆள் போனது. ஆத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரம் அதற்குள் கடந்துவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இப்போதெல்லாம் ஒரு வீட்டுக்கு இரண்டே மாணவர்கள்தான், அதுவும் போனில் கேட்டுக்கொண்டு.

அடுத்தது, ஒப்பந்தம், பொன்னாடை எல்லாம் முடிந்த பிறகு ஊர்க்காரர்களைத் தேடுவது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் தொடங்கிய நோய் ஆதரவு வேலை, அக்கம்பக்கத்தார் தம் வேலையாக எடுத்துக்கொண்ட பிறகுதான் கேரளம் முழுக்கப் பரவியது. நம் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலர் அக்காக்கள் இருக்கிறார்கள். எந்த வீதியில் யார் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். பாடத்திட்டம் போடும்போதே அவர்களை உட்காரவையுங்கள்.

வலியை எண்ணில் மட்டும் கேட்பது இன்னொரு தவறு. "பத்துக்கு எவ்வளவுங்க ஆத்தா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு" என்று முடிந்துவிடும். "ராத்திரி தூங்குனீங்களா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எங்க சாமி தூங்கறது? காலெல்லாம் மொளகா அரைச்சுப் பூசுனாப்புல காந்துது." அந்த ஒரு சொல்லில் பாதி நோயறிதல் இருக்கிறது. காந்தல் பெரும்பாலும் நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்கு அது எளிதில் அடங்காது, மருத்துவர் வேறு மருந்து சேர்க்க வேண்டியிருக்கும். கடுப்பு, குடைச்சல், குத்தல் எல்லாம் வேறு வேறு. நோயாளி சொன்ன சொல்லையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மருந்தைப் பற்றிய பாடத்தை வகுப்போடு நிறுத்திவிடாதீர்கள். 2014-இல் போதைப்பொருள் சட்டத்தையே இதற்காகத் தளர்த்தினார்கள், ஆனால் வீட்டார் மனதில் போதை மருந்து என்ற பயம் அப்படியே இருக்கிறது. எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுப்பதையும், மலச்சிக்கலுக்கு மருந்து கூடவே வேண்டும் என்பதையும் மருமகளுக்குத்தான் சொல்லித்தர வேண்டும்.

அப்புறம், "கேன்சர்னு அவருக்குத் தெரியாது, சொல்லிப்போடாதீங்க" என்று வாசலிலேயே கையைப் பிடிப்பார்கள். மாணவர்கள் உளறவும் வேண்டாம், பொய் சொல்லவும் வேண்டாம். "டாக்டர் என்னன்னு சொன்னாங்க?" என்று நோயாளியிடம் கேட்டுவிட்டுக் காது கொடுக்கட்டும். பல பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

செமஸ்டர் முடிந்ததும் காணாமல் போவதுதான் என்னால் பொறுக்கவே முடியாதது. கிளம்புகிற மாணவர் அடுத்த வருட மாணவரைக் கூட்டிப்போய் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். நோயாளி இறந்த பிறகு நாம் கொடுத்த வாட்டர் பெட்டைத் திரும்ப வாங்கிவர மட்டும் ஆள் அனுப்பாதீர்கள். துக்கம் விசாரிக்கப் போங்கள். மாசக்கணக்கில் தூக்கிப் புரட்டிய மருமகளுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது, தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.