முட்டைக்கு இயற்கைச் சாயம்: எங்கே கோட்டை விடுகிறோம்

ஈஸ்டர் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் சாக்லேட் முட்டையும் மார்ஷ்மெல்லோ முட்டையும் குவிந்துவிடும். ஆனாலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவித்த நிஜ முட்டைக்குச் சாயம் ஏற்றுவது தனி சுகம். சமையலறையில் இருப்பதே போதும், ஆனால் பாதிப் பேர் வினிகரிலேயே கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

முட்டை ஓடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்புதான். வினிகர் பட்டதும் குமிழி விட்டு லேசாக அரிக்கும், அப்போதுதான் சாயம் பிடிக்கும். சரி, நிறம் இன்னும் ஏறட்டும் என்று மேலும் மேலும் ஊற்றினால் ஓட்டின் மேல்பகுதி மாவாகி, துடைக்கும்போது நிறத்தோடு கையில் வந்துவிடும். ஒரு கப் சாயத்துக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். எடுத்த முட்டையைத் தேய்க்காதீர்கள், தானாக உலர விடுங்கள்.

அடுத்தது அவசரம். ஊதா முட்டைகோஸ் சாற்றில் பத்து நிமிடம் போட்டுவிட்டு "ஒன்றும் ஏறவில்லையே" என்று புலம்பக்கூடாது. வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, முட்டையோடு ஃபிரிட்ஜில் ராத்திரி முழுக்க வையுங்கள், காலையில் அழகான நீலம் இருக்கும். சாறு ஊதாவாக இருக்க முட்டை ஏன் நீலமாகிறது என்றால், அந்த நிறமி அமிலத்தில் சிவந்தும் அமிலம் குறையக் குறைய நீலமாகவும் மாறும், ஓட்டிலுள்ள சுண்ணாம்பு அமிலத்தைக் குறைத்துவிடும். பழுப்பு முட்டையில் இந்த நீலத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஒருமாதிரிப் பச்சையாகத்தான் வரும். வெள்ளை முட்டை தேடி வாங்குங்கள்.

மஞ்சளை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆரத்தி கரைத்தவர்களுக்குத் தெரியும், மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவந்துவிடும். சோப்புக் கையோடு மஞ்சள் முட்டையைத் தொட்டாலும் அங்கங்கே அதே சிவப்புத் திட்டு விழும். தூள் தண்ணீரில் முழுதாகக் கரையாது, வடிகட்டாவிட்டால் புள்ளி புள்ளியாக ஒட்டும். வெயிலில் வைத்தால் வெளுத்தும் போகும்.

பீட்ரூட்டை நம்பி ஏமாறுவோர் அதிகம். கொதிக்கக் கொதிக்க அதன் சிவப்பு மங்கி, முட்டையில் அழுக்கு ரோஸாகவே நிற்கும். நல்ல செம்பழுப்பு வேண்டுமென்றால் வெங்காயத்தோல்தான். கறி வைக்கிற வீட்டில் அதற்கா பஞ்சம்? ஒரு வாரம் சேர்த்து வைத்தால் தாராளம். கொஞ்சமாகப் போட்டால் வெளிறிய மஞ்சள்தான் கிடைக்கும், பாத்திரம் நிறையப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள்.

எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது எல்லாம் கடைசியில், அதுவும் முட்டை முழுக்க உலர்ந்த பிறகு.

அப்புறம் சாப்பிடும் விஷயம். அவித்த முட்டை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். விரிசல் விட்டதை அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள். ஞாயிறன்று பிள்ளைகள் தேடட்டும் என்று தோட்டத்தில் ஒளித்து, திங்கள் குடும்ப தின விடுமுறையில் புதருக்குள் கண்டெடுத்ததை முட்டைக்குழம்பில் போடலாமே என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். வேண்டாம், குப்பையில் போடுங்கள்.